நள்ளிரவுத் தெருக்களைக் கறுப்பு வெள்ளையில் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டு நகரத்திலும், அதற்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வாளையாறு என்று தமிழ்நாட்டு எல்லை வரையிலும் பல ஆண்டுகளாக இரவில் படம் எடுத்து வருகிறேன். சில இரவுகளில் கூடவே நாலைந்து பேர் வருவார்கள். சிற்றூர் வட்டத்துத் தமிழர்கள், பாலக்காட்டு அக்ரஹாரமான கல்பாத்தியைச் சேர்ந்தவர்கள், கோவையிலிருந்து ரயிலேறி வரும் மாணவர்கள். அவர்கள் நடந்துகொண்டே கேட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஆளே இல்லாத தெருவில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது?

பாதிப் பேர் முதலில் கேட்பது இதைத்தான். புதிய கல்பாத்தியில் இரவு இரண்டு மணிக்கு ஒரு முறை நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், வரிசையாகத் திண்ணைகள். ஒரு திண்ணையில் நாலாக மடித்து வைத்த நாளிதழ். இன்னொன்றின் கீழே ஒரு ஜோடிச் செருப்பு. வாசலில் முந்தைய நாள் கோலம் சைக்கிள் சக்கரம் ஏறிக் கலைந்து கிடக்கும். பகலில் இவை எதுவும் கண்ணில் படாது. மனிதர்கள் இருக்கிற இடத்தில் கண் மனிதர்களையே தேடும். அவர்கள் உள்ளே போய்ப் படுத்த பிறகுதான் வெளியே விட்டுச் சென்றவை தெரியத் தொடங்குகின்றன. நான் எடுப்பது அவற்றைத்தான்.

"காசியில் பாதி கல்பாத்தி" என்று சொல்வார்கள். பகலில் அந்தப் பேச்சுக்குக் கோயிலும் ஆற்றங்கரையும் சாட்சி. இரவில் எனக்குச் சாட்சியாக நிற்பவை விளக்குக்குக் கீழே ஆற்றை நோக்கி இறங்கும் கல்படிகள். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு, அதற்குக் கீழே கறுப்பு. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

வண்ணத்தில் எடுத்தால் என்ன குறை?

குறை ஒன்றும் இல்லை, அது வேறு வேலை. ஆனால் நம் ஊர்த் தெருவிளக்குகளை நினைத்துப் பாருங்கள். ஒரு கம்பத்தில் பழைய சோடியம் விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரியும். அடுத்த கம்பத்தில் எல்.ஈ.டி. நீலம் கலந்த வெள்ளையில் எரியும். டீக்கடைக் குழல்விளக்கில் பச்சை ஓடும். கண் இதைச் சமாளித்துக்கொள்கிறது, கேமரா சமாளிப்பதில்லை. ஒன்றைச் சரி செய்தால் மற்றொன்று கெடும்.

சோடியம் விளக்கின் இயல்பே தனி. குறைந்த அழுத்தச் சோடியம் விளக்கின் ஒளி ஏறக்குறைய முழுவதும் 589 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகிறது. அதன் கீழே சிவப்புச் சேலையும் பச்சைக் கதவும் ஒரே பழுப்பாகத்தான் தெரியும். தெருக்களில் நாம் அதிகம் பார்த்த உயர் அழுத்த விளக்கில் வேறு அலைநீளங்களும் கொஞ்சம் உண்டு, என்றாலும் மஞ்சளே ஆட்சி செய்யும். அப்படிப்பட்ட தெருவில் நிறம் என்ற ஒன்றே இல்லை, வெளிச்சமும் நிழலும்தான் உண்டு. இருப்பதை உள்ளபடி சொல்ல அங்கே கறுப்பு வெள்ளையே நேர்மையான வழி என்று நம்புகிறேன்.

எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

ஒரு மணி முதல் மூன்றரை வரை. பதினொரு மணிக்குக் கடைசிச் சினிமாக் கூட்டமும் தட்டுக்கடைகளும் இருக்கும். நான்கு மணிக்குப் பால் வண்டி, பத்திரிகைக் கட்டு, காய்கறி லாரி எல்லாம் வந்துவிடும். அக்ரஹாரத் தெருக்களில் மார்கழி என்றால் இன்னும் சீக்கிரம் விளக்கெரியும். ஐப்பசிக் கடைசியில் கல்பாத்தித் தேர் நாட்களில் வெறும் தெருவைத் தேடிப் போகாதீர்கள். அந்த வாரம் பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் ஆகிய நான்கு ஊர்களும் உறங்குவதில்லை.

என்ன கேமரா வேண்டும்?

ஷட்டர் நேரத்தை, அதாவது ஒளி உள்ளே வரக் கேமரா திறந்திருக்கும் நேரத்தை, கையால் மாற்ற முடிகிற எதுவும் போதும். பணம் இருந்தால் அதை நல்ல டிரைபாடில், கேமராவைத் தாங்கும் முக்காலியில், போடுங்கள். வண்ண வடிகட்டியே இல்லாத சென்சாருடன் கறுப்பு வெள்ளைக்கென்றே செய்த கேமராக்களும் உண்டு. லைக்கா நிறுவனம் 2012-ல் ஒன்றைக் கொண்டு வந்தது. அருமையான கருவி. தொடங்குகிறவருக்குத் தேவையில்லை.

ஆனால் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். லென்ஸின் முன்னால் பாதுகாப்புக்காக மாட்டியிருக்கும் கண்ணாடி ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். தெருவிளக்கு அதில் பட்டுத் தெறித்து, வானத்தில் இல்லாத ஒரு வெளிச்சப் பொட்டைப் படத்தில் வைக்கும். டிரைபாடில் நிற்கும்போது நடுக்கம் தணிக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

எவ்வளவு நேரம் திறந்து வைப்பது? மீட்டர் சொல்வதை நம்பலாமா?

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், எதைப் பார்த்தாலும் அதை நடுச் சாம்பலாக்க முயலும். இரவுத் தெருவில் முக்கால்வாசி கறுப்பு. அதைச் சாம்பலாக்கினால் இரவு போய்விடும். ஆகவே மீட்டர் காட்டுவதைவிட ஒரு படி அல்லது இரண்டு படி குறைத்து எடுங்கள் (ஒரு படி குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்).

விளக்குள்ள சாதாரணத் தெருவுக்கு என் தொடக்கக் கணக்கு இது: ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 8 விநாடி. ஐ.எஸ்.ஓ. என்பது ஒளியுணர்வின் அளவு. எஃப் என்பது லென்ஸ் துளையின் (அப்பர்ச்சர்) அளவு, எண் கூடினால் துளை சிறிதாகும். அங்கிருந்து கூட்டியும் குறைத்தும் பாருங்கள். டிரைபாட் இல்லாமல் நடந்துகொண்டே எடுப்பவர்கள் ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 1.8, 1/60 விநாடி என்று தொடங்கலாம். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம்தான், ஆனால் படங்கள் ஒன்றுபோல் இருக்காது. கையில் எடுத்தது பதற்றமாக இருக்கும், டிரைபாடில் எடுத்தது பொறுமையாக இருக்கும். எனக்குப் பிடித்தது டிரைபாடில் எடுத்தது.

பாரிஸ் நகரத்தின் இரவை 1930-களில் எடுத்த பிரஸ்ஸாய் ஷட்டர் நேரத்தைச் சிகரெட்டால் அளந்ததாகச் சொல்லியிருக்கிறார். வெளிச்சம் இருந்தால் ஒரு வகைச் சிகரெட் எரியும் நேரம், இருட்டு கூடுதலானால் மெதுவாக எரியும் வேறொரு வகை. நான் சிகரெட் பிடிப்பதில்லை. சிறு வயதில் மனப்பாடம் செய்த ஒரு பாட்டு ஒரு தடவை பாடி முடிக்க எனக்கு இருபது விநாடி ஆகும். இரண்டு தடவை முணுமுணுத்தால் நாற்பது. கைப்பேசித் திரையைப் பார்த்தால் இருட்டுக்குப் பழகிய கண் கெட்டுவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு.

முழுநிலவில் தெருவிளக்கே இல்லாத வரப்போரச் சாலைக்கு ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 4, 16 விநாடி என்று தொடங்குங்கள். கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் கரும்பனைகள் நிலவொளியில் நிற்பதைப் பார்ப்பதற்கென்றே ஒரு பௌர்ணமிக்குப் போகலாம்.

தெருவில் ஆட்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதையும் வெறுமையாக்க முடியுமா?

முடியும். புகைப்படம் பிறந்த காலத்திலேயே அது நடந்துவிட்டது. 1838-ல், புகைப்பட முறையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான டாகேர் பாரிஸில் பூல்வார் து தாம்பிள் என்ற தெருவைத் தன் ஜன்னலிலிருந்து எடுத்தார். வண்டியும் ஆளுமாக நெரிசலாயிருந்த தெரு. ஒளி பதிய சில நிமிடங்கள் பிடித்ததால் நகர்ந்தவர்கள் யாரும் பதியவில்லை. ஒரு மூலையில் காலணிக்கு மெருகு போட்டுக்கொள்ள அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். புகைப்படத்தில் இடம்பெற்ற முதல் மனிதர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

நீங்களும் 30 விநாடி திறந்து வைத்தால் நடந்து போகிறவர் மறைந்துவிடுவார். மோட்டார் சைக்கிள் மறையாது, அதன் விளக்கு வெள்ளைக் கோடாகப் படம் முழுக்க ஓடும். வண்டி வருவது தெரிந்தால் ஷட்டரை மூடாமல் லென்ஸின் முன்னால் ஒரு கறுப்பு அட்டையைப் பிடியுங்கள், போனதும் எடுத்துவிடுங்கள். நான் வைத்திருப்பது பழைய காலண்டர் அட்டையில் கறுப்புக் காகிதம் ஒட்டியது.

இருந்தாலும், இப்படி வெறுமையாக்கிய தெருவும் உண்மையிலேயே வெறுமையான தெருவும் ஒன்றல்ல என்று பல படங்களை எடுத்த பிறகு எனக்குத் தோன்றுகிறது. முதல் வகையில் கடைகள் திறந்திருக்கும், விளக்கெல்லாம் எரியும், ஊரே மாயமாய் மறைந்ததுபோல் ஒரு திகில் இருக்கும். இரண்டாம் வகையில் ஊர் உறங்குகிறது. ஹர்த்தால் நாளில் பாலக்காட்டுச் சுல்தான்பேட்டையில் எடுத்தால் மூன்றாவது வகை கிடைக்கும். அது கதவடைத்துக் காத்திருக்கிற வெறுமை.

பிலிமில் எடுக்கலாமா? அதில் என்ன சிக்கல்?

எடுக்கலாம், எடுக்க வேண்டும் என்றும் சொல்வேன். உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவிய ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையிலிருந்து வந்த 'இந்து' கறுப்பு வெள்ளைச் சுருளில்தான் நம் தலைமுறைப் பெரியவர்களின் கல்யாணப் படங்கள் இருக்கின்றன. இந்து என்றால் நிலவு. இரவுப் படத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. அந்த ஆலை இப்போது இல்லை. இன்று நான் பயன்படுத்துவது இல்ஃபோர்ட் ஹெச்.பி.5 பிளஸ்.

இரவில் பிலிமுக்கு ஒரு குணம் உண்டு. வெளிச்சம் மிகக் குறைந்தால் அது சோர்ந்துபோகும். இரண்டு மடங்கு நேரம் கொடுத்தால் இரண்டு மடங்கு பதிவு கிடைக்காது. வானியல் அறிஞர் கார்ல் ஷ்வார்ஸ்ஷில்ட் நட்சத்திரங்களைப் புகைப்படத் தட்டில் பதிவு செய்தபோது இதை அளந்து எழுதியதால் அவர் பெயரிலேயே இதைக் குறிப்பிடுவதும் உண்டு. ஹெச்.பி.5 பிளஸுக்கு இல்ஃபோர்ட் தரும் கணக்குப்படி, அளந்த விநாடியை 1.31 என்ற அடுக்குக்கு உயர்த்த வேண்டும். அதாவது மீட்டர் 4 விநாடி என்றால் 6, 10 என்றால் 20, 30 என்றால் 86. இதைச் சிறு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கேமராவின் முதுகில் ஒட்டியிருக்கிறேன். இந்தக் கணக்கு தெரியாமல் எடுத்த என் முதல் மூன்று சுருள்களில் விளக்குப் பொட்டுகளைத் தவிர வேறொன்றும் இல்லை.

எடுத்த பிலிமைக் கழுவுவதில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. படத்தை வெளிக்கொணரும் ரசாயனமான டி-76 டெவலப்பரில் நீர் கலக்காமல் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்பது இந்தப் பிலிமுக்குரிய நேரம். பாலக்காட்டில் பங்குனி, சித்திரையில் வெயில் 40 டிகிரியைத் தொடும். குழாயைத் திறந்தால் வெந்நீர்தான். சூடு கூடினால் நேரம் குறையும், 5 நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப்பர் சீராகப் பிடிக்காமல் திட்டுத் திட்டாக வரும். நான் முந்தின இரவே மண்பானையில் தண்ணீர் ஊற்றி ஜன்னலோரம் வைத்துவிடுவேன். காற்றில் பானை தானே குளிரும். மீதி டிகிரிகளுக்கு ஐஸ் கட்டி. படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்சரும் கழுவும் நீரும் அதே சூட்டில் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

படம் ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்களே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் கோவையில் ஒரு லேபில் என் இரவு நெகட்டிவ்களைப் பிரிண்ட் போடக் கொடுத்தேன். வந்து சேர்ந்த பிரிண்டுகளில் வானம் சாம்பல், தெரு சாம்பல், சுவர் சாம்பல். இயந்திரம் ஒவ்வொரு படத்தையும் சராசரி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்திருந்தது. கேட்டதற்கு, இருட்டான படத்தைச் சரி செய்து கொடுத்திருக்கிறோம் என்றார்கள். அன்று இரவு வீட்டில் அந்தப் பிரிண்டுகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்த தெரு அதில் இல்லை. திண்ணைத் தூணுக்குப் பின்னால் இருந்த இருட்டு போனதும் தூணும் போய்விட்டது.

இன்று கைப்பேசிகள் அதையே செய்கின்றன. இரவு முறை என்ற பெயரில் பல படங்களை அடுக்கி நிழலெல்லாம் திறந்து காட்டுகின்றன. கைப்பேசியில் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. நிழலைத் திறந்தே ஆக வேண்டும் என்ற பழக்கத்தைத்தான் ஏற்க முடியவில்லை. இரவில் நம் கண்ணுக்கே பாதிதான் தெரிகிறது. மீதியை நாம் காலடியாலும் காதாலும் அறிகிறோம். படத்தில் கறுப்பாக விட்ட பகுதியில் பார்ப்பவர் தன் நினைவிலுள்ள ஒரு தெருவைக் கொண்டுவந்து வைத்துக்கொள்கிறார். அந்த இடத்தை அவருக்காகக் காலியாக விடுங்கள்.

ஒரு சோதனை சொல்கிறேன். படத்தில் எங்கே முழுக் கறுப்பு, எங்கே முழு வெள்ளை என்று முதலில் முடிவு செய்யுங்கள். முழு வெள்ளை விளக்குக்கு மட்டும். சுவர், தரை, கதவு எதுவும் முழு வெள்ளையாக வேண்டாம். முழுக் கறுப்பு எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், ஆனால் அதற்கொரு வடிவம் வேண்டும். கூரையின் விளிம்பு, மரத்தின் உருவம், சந்தின் வாய் என்று பார்த்தவுடன் புரிய வேண்டும். வடிவம் இல்லாத கறுப்பு வெறும் தவறு.

டிஜிட்டல் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது கரகரப்பாக வருகிறதே?

ராவ் கோப்பாக, அதாவது கேமரா பதிந்ததை அப்படியே வைக்கும் கோப்பாக, எடுத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, மென்பொருளில் நீல வண்ணத்துக்கான அளவுகோலைத் தொட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சோடியம் வெளிச்சத்தில் நீலமே கிட்டத்தட்ட இல்லை. இல்லாததை ஏற்றினால் கரகரப்புத்தான் ஏறும். சிவப்பையும் பச்சையையும் வைத்தே படத்தை உருவாக்குங்கள். நீண்ட நேரப் படங்களில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் கேமராவில் உள்ள நீள்நேரக் கரகரப்பு நீக்கத்தை இயக்குங்கள். அது ஷட்டரை மூடி அதே நேரம் இன்னொரு படம் எடுத்துக் கழித்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் இரட்டை நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

படத்தில் கிடைமட்டமாகப் பட்டை பட்டையாக விழுகிறது.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. அந்தத் துடிப்புத்தான் பட்டையாகப் பதிகிறது. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டுவிட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/50-க்கும் மெதுவாக எடுங்கள்.

விளக்கைச் சுற்றி நட்சத்திரம் போல் கதிர் வர என்ன செய்வது?

எஃப் 11 அல்லது 16-க்கு மூடினால் வரும். அப்பர்ச்சர் இதழ்கள் இரட்டைப்படை என்றால் அதே எண்ணிக்கையில் கதிர்கள், ஒற்றைப்படை என்றால் இரு மடங்கு. எனக்கு அந்தக் கதிர்கள் பிடிப்பதில்லை. பார்ப்பவர் கண் தெருவை விட்டு விளக்குக்கே போய்விடுகிறது.

மழைக்காலத்தில் எடுக்கலாமா?

மழைக்காலத்தில்தான் எடுக்க வேண்டும்! ஆனி, ஆடியில் மழை ஓய்ந்த அரைமணி நேரம் இந்த ஊரில் கிடைக்கிற பெரிய வரம். வறண்ட தார்ச்சாலை வெளிச்சத்தை விழுங்கிவிடும். நனைந்த சாலை அதைத் திருப்பித் தரும். கோட்டை மைதானத்தின் ஓரம் நின்றால், 1766-ல் ஹைதர் அலி கட்டிய கோட்டையின் பக்கம் மொத்தக் கறுப்பாக இருக்க, காலடியில் சாலை மட்டும் ஒளிர்கிறதைப் பார்க்கலாம். குடையைக் கேமராவுக்குப் பிடியுங்கள், உங்களுக்கு வேண்டாம். ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸ் ஆவி பிடித்துக்கொள்ளும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்திருந்து பிறகு திறவுங்கள்.

மழை இல்லாத மார்கழி, தை மாதங்களில் தொல்லை காற்று. கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வரும் காற்று டிரைபாடைச் சும்மா விடாது. நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். பையைக் கல்லால் நிரப்பி அடியில் தொங்கவிடுங்கள். பனையோலைகள் ஆடிக் கலங்கி வருவதை மட்டும் தடுக்க முடியாது. நான் தடுக்க விரும்புவதும் இல்லை.

போலீஸ் நிறுத்திக் கேட்டால்?

நிறுத்துவார்கள், அது அவர்கள் வேலை. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள், எடுத்த படங்களைக் காட்டுங்கள். அவர்கள் மலையாளத்தில் கேட்பார்கள், நீங்கள் தமிழில் சொன்னாலும் புரியும். ஒரு முறை என்னிடம் விசாரித்த காவலர் திரையைப் பார்த்துவிட்டு, தான் தினமும் சுற்றும் தெரு இது என்று நம்ப முடியவில்லை என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ரயில்வே வளாகம், அணைக்கட்டு, காவல் நிலையம் ஆகியவற்றை அனுமதி இல்லாமல் எடுக்க வேண்டாம். கோட்டைக்குள் டிரைபாட் வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும்.

பெண்கள் போகலாமா?

தெரு எல்லோருக்கும் உரியது. ஆனாலும் இன்றைய நிலையில் தனியாகப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்களிடமும் இதையேதான் சொல்கிறேன்: இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் எடுக்கும்போது மற்றவர் சுற்றிலும் பார்க்கட்டும். எங்கள் குழுவில் மிக நல்ல இரவுப் படங்களை எடுத்தவர் சாத்தபுரத்து அக்கா ஒருவர். அவர் கூட அழைத்துவருவது தன் மாமியாரை.

நாய்கள்?

ஓடாதீர்கள். டிரைபாடைத் தூக்கிக் காட்டாதீர்கள். ஒரே தெருவுக்கு நாலைந்து இரவு போனால் அவற்றுக்கு நீங்கள் பழகிவிடுவீர்கள்.

கடைத் திண்ணையில் உறங்குகிறவர்களை எடுக்கலாமா?

கூடாது. அவருக்கு அது படுக்கையறை. கேமராவை வேறு பக்கம் திருப்புங்கள், சத்தமில்லாமல் கடந்து போங்கள்.

எல்.ஈ.டி. வந்த பிறகு இரவு மாறிவிட்டதா?

மாறிவிட்டது. கேரளத்தில் உள்ளாட்சித் தெருவிளக்குகளை எல்.ஈ.டி.யாக மாற்றும் அரசுத் திட்டத்துக்கு 'நிலாவு' என்று பெயர். நம் நிலவுதான். மின்சாரம் மிச்சம், தெருவும் பாதுகாப்பு, அதை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் வெளிச்சத்தின் குணம் வேறு. எல்.ஈ.டி. நேராகக் கீழே கொட்டுகிறது, நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்கிறது. சோடியம் வெளிச்சம் சுவரேறி, ஓட்டின் அடியில் புகுந்து, மெல்லக் கரையும். அந்த விளக்குகள் மிச்சமிருக்கும் சந்துகளைத் தேடி எடுத்துவிடுங்கள். அடுத்த ஆண்டு என்று தள்ளிப்போட வேண்டாம்.

தள்ளிப்போட்டு நான் இழந்தது வாளையாறு. விற்பனைவரிச் சோதனைச் சாவடி இருந்தவரை இரவு முழுக்க அங்கே லாரிகள் வரிசையில் நிற்கும். ஓட்டுநர்கள் வண்டிக்கடியில் அடுப்பு மூட்டுவார்கள். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரிசை கலைந்தது. அவர்களுக்கு நல்ல காலம், சந்தோஷமே. ஆனால் அந்த வரிசை இல்லாத முதல் இரவுகளில் நான் போகவில்லை. எண்ணெய்க் கறை படிந்த சாலையோரமும் அடுப்புக் கற்களும் அப்படியே இருந்திருக்கும். சில மாதம் கழித்துப் போனபோது அவையும் இல்லை.

எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் வீட்டுக்கு மிக அருகில் உள்ள விளக்குக் கம்பத்திலிருந்து. பத்து இரவு அதே கம்பத்தடிக்குப் போங்கள், இரவுக்கு ஐந்து படத்துக்கு மேல் எடுக்காதீர்கள். என் பத்து இரவும் தெருமுனைத் தண்ணீர்க் குழாயடியில் கழிந்தன. முதல் மூன்று இரவும் குழாயை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தேன். நான்காம் இரவில்தான், யாரோ மறுநாள் காலைக்கு இடம் பிடித்து வரிசையாக வைத்துவிட்டுப் போயிருந்த குடங்களின் நிழல் எதிர்ச்சுவரில் ஏறி நிற்பதைப் பார்த்தேன்.